விசில் போகணும் டாக்டர்

டாக்டர்: ...இன்னும் கொஞ்சம் பெருசாத் திறங்க சார். கொட்டாவி விடற மாதிரி. ஆ... அப்படியே வெச்சுக்கோங்க.

பெரியவர்: ஆ...

டாக்டர்: ஈறு சிவக்கல. புண்ணு எதுவும் இல்ல. செட்டு நல்லா உக்காந்திருக்கு. மூடிக்கலாம். எங்கயாவது குத்துதா?

பெரியவர்: குத்தல.

டாக்டர்: சாப்பிடும்போது ஆடுதா?

பெரியவர்: ஆடல.

டாக்டர்: படுக்கும்போது கழட்டித் தண்ணியில போட்டு வெக்கறீங்கதானே?

பெரியவர்: எல்லாம் நீங்க சொன்ன மாதிரிதான் டாக்டர். பல்லு கிண்ணத்துல தூங்குது, நான் கட்டில்ல தூங்கறேன். ஒரு குறையும் இல்ல. இந்த விசில் மட்டும் போகணும்.

டாக்டர்: இன்னும் வருதா?

பெரியவர்: உங்க காதுல விழலையா? இப்பக் கூட 'விசில்'னு சொன்னேன், அதுலயே ஒரு விசில் வந்துச்சே.

டாக்டர்: லேசா...

பெரியவர்: லேசாவா? முந்தாநாள் பஸ்ல போறேன். பக்கத்துல நின்னவரப் பாத்து, "சார், உங்க பஸ் பாஸ் கீழ விழுந்துருச்சு"ன்னேன். டிரைவர் பஸ்ஸ நிறுத்திட்டாரு.

டாக்டர்: ஏன்?

பெரியவர்: கண்டக்டர் விசில் அடிச்சதா நினைச்சுட்டாரு. கண்டக்டர் எந்திரிச்சு வந்து, யாரு அடிச்சது, யாரு அடிச்சதுன்னு ஒவ்வொருத்தரா விசாரிக்கறாரு. நான் வாயே திறக்கல. அடுத்த ஸ்டாப்புல இறங்கி வீட்டுக்கு நடந்தே போனேன்.

டாக்டர்: ...

பெரியவர்: சிரிங்க, சிரிங்க. மாஸ்க் போட்டா தெரியாதுன்னு நினைப்பா? கண்ணு சிரிக்குது.

டாக்டர்: மன்னிச்சுக்கோங்க சார். சரி, அந்த லைட்டக் கொஞ்சம் தாழ்த்தறேன்... ஆமா, இந்த விசிலுக்காகவே நாலு தடவ வந்துட்டீங்க. போட்டு நாலு வாரம்தான் ஆகுது. கொஞ்சம் பழகினா நாக்கு தானா இடம் கண்டுபிடிச்சுக்கும். அவசரம் என்ன?

பெரியவர்: நாளைக்குக் காலையில ஆறு மணிக்கு நான் பேசணும்.

டாக்டர்: எங்க?

பெரியவர்: ஒரு விழா. வரவேற்புரை.

டாக்டர்: காலையில ஆறு மணிக்கா?

பெரியவர்: ...சீக்கிரம் எந்திரிக்கிற ஆளுங்க.

டாக்டர்: உங்க கார்டுல 'மெக்கானிக், ஓய்வு'ன்னு எழுதிக் குடுத்திருக்கீங்க. மெக்கானிக்க யாரு சார் வரவேற்புரைக்குக் கூப்பிடறா?

பெரியவர்: ஏன், மெக்கானிக் வாய் வாயில்லையா? டாக்டர், விளையாடாதீங்க. இன்னிக்கு அஞ்சு மணிக்குள்ள வர்றேனா, வரலையான்னு அவங்களுக்குப் போன் பண்ணிச் சொல்லணும். விசில் போச்சுன்னா வர்றேன்னு சொல்லுவேன். போகலன்னா உடம்பு சரியில்லன்னு சொல்லிடுவேன். இப்ப மணி என்ன?

டாக்டர்: நாலு பத்து. சரி, நான் சொல்லச் சொல்லத் திருப்பிச் சொல்லுங்க. ஐஸ்.

பெரியவர்: ஐஸ்.

டாக்டர்: பஸ்.

பெரியவர்: அந்தப் பஸ் பேச்ச மட்டும் எடுக்காதீங்க. பஸ்... கேட்டீங்களா?

டாக்டர்: கேட்டேன். பாலு.

பெரியவர்: பாலு. அதுல ஏது டாக்டர் விசில்?

டாக்டர்: இல்லதான். நடுவுல ஒண்ணாவது நல்லா வந்தா உங்க மனசு கொஞ்சம் ஆறும்ல.

பெரியவர்: என் பொண்ணும் இப்படித்தான். நான் டென்ஷன்ல இருக்கும்போதுதான் அவளுக்குக் கிண்டல் வரும்.

டாக்டர்: சரி, கழட்டறேன். வெள்ளையா ஒரு பேஸ்ட் தடவிப் பாப்போம். எங்க அழுத்துதோ அங்க அழிஞ்சிருக்கும். ஆ... வந்துருச்சு. தடவியாச்சு, மறுபடி மாட்டிட்டேன். இனிமே அஞ்சு நிமிஷம் நீங்க பேச வேண்டாம்.

பெரியவர்: ம்.

நர்ஸ்: டாக்டர், வெளிய அந்த டீச்சரம்மா வந்து உக்காந்திருக்காங்க. எவ்வளவு நேரம் ஆகும்னு...

டாக்டர்: அவசரமாக்கா அவங்களுக்கு?

நர்ஸ்: அவசரமா? பேச்சு சுவாரசியத்துல பல்வலியே மறந்துபோச்சாம். நாளைக்கு ரேடியோ வருதில்ல, அத்தன பேரும் அதப் பத்திதான் பேசிட்டிருக்காங்க. வெளிய வந்து பாருங்க, கிளினிக் மாதிரியே இல்ல. கல்யாண வீடு மாதிரி இருக்கு.

டாக்டர்: நம்ம பழைய எஃப்.எம்-ஆ?

நர்ஸ்: அதேதான். பதினாலு வருஷம் முன்னாடி மூடினத இப்ப வேற யாரோ எடுத்து நடத்தறாங்களாம். நாளைக்கு ஆறு மணிக்கு ஆரம்பம். முதல் வார்த்த யாரு பேசறாங்க தெரியுமா? சேவல்.

பெரியவர்: ம்ம்...

டாக்டர்: தலைய ஆட்டாதீங்க சார், கொஞ்சம் அசையாம இருங்க.

நர்ஸ்: சாருக்கு ஞாபகம் இருக்குமே. டயர் கடை மாடியில இருந்துச்சே, சார். நாள் பூரா பாட்டுதான். ஆனா காலையில ஆறுலேர்ந்து ஒம்போது வரைக்கும் சேவல். 'எந்திரிச்சாச்சா'ன்னு நிகழ்ச்சி. "சோம்பல் முறிச்சாச்சா, சாக்ஸ் ரெண்டும் கிடைச்சாச்சா"ன்னு ஆரம்பிப்பாரு. எங்க தெருவுல ஒரு வீட்டுலயும் அலாரம் கிடையாது. அவருதான் அலாரம்.

டாக்டர்: எங்க வீட்ல அவரு சாக்ஸ்னு சொன்னப்புறம்தான் எங்கண்ணன் சாக்ஸே தேடுவான்.

நர்ஸ்: அப்புறம் அந்த 'ஒத்தச் சாமான்' நேரம்...

டாக்டர்: ஐயோ, அது. ஜோடியில ஒண்ணு தொலஞ்சுபோனாப் போன் பண்ணிச் சொல்லணும். ஒத்தச் செருப்பு, ஒத்தக் கையுறை...

நர்ஸ்: ஒருத்தர் இரட்டப் புள்ளைங்கள்ல ஒண்ணக் காணோம்னு போன் பண்ணினாரு, ஞாபகம் இருக்கா? சேவல் பதறிப்போய்ப் பாட்ட நிறுத்தி அறிவிப்பு சொல்றாரு, அந்தப் புள்ள கட்டிலுக்கு அடியில படுத்து ரேடியோ கேட்டுட்டிருக்கு. தன் பேரு ரேடியோவுல வந்ததும் கைதட்டிக்கிட்டே வெளிய வந்துச்சாம்.

பெரியவர்: ம்ம்ம்...

டாக்டர்: சார், சிரிச்சா பேஸ்ட் கன்னத்துல ஒட்டும்.

நர்ஸ்: என் கத சொன்னதில்லையே டாக்டர் உங்களுக்கு? அப்ப எனக்கு இருபது வயசு. பஸ்ல ஒரு கம்மல் விழுந்துபோச்சு. அம்மாவோட கம்மல் வேற. வீட்டுக்குப் போனா தோல உரிச்சுடுவாங்க. போன் போட்டு அழுதேன். சேவல் என்ன சொன்னாரு தெரியுமா? "ஒரு காதுல கம்மல், ஒரு காதுல கவலையோட ஒரு தங்கச்சி நிக்குது, யாராவது பாத்தீங்களா"ன்னாரு. அன்னிக்குச் சாயங்காலமே ஒரு கண்டக்டர் எங்க வாசல்ல வந்து நிக்கறாரு, கையில கம்மலோட.

டாக்டர்: அப்புறம்?

நர்ஸ்: அப்புறமென்ன... பையன் இப்ப காலேஜ் போறான்.

டாக்டர்: அக்கா...

நர்ஸ்: சேவலப் பாத்தா அவருகிட்ட ஒரு நாள் நியாயம் கேக்கணும். கம்மலத்தான கேட்டேன், கண்டக்டரயும் சேத்து எதுக்குக் குடுத்தீங்கன்னு.

டாக்டர்: ஊரே லேட்டாப் போன நாள் ஞாபகம் இருக்காக்கா? நான் அப்ப ஆறாங்கிளாஸ்.

நர்ஸ்: அத மறக்க முடியுமா? எங்கப்பா கடிகாரத்தப் பாக்கறாரு, ரேடியோவக் கேக்கறாரு. ரெண்டும் ஒத்து வரல. சேவல் பொய் சொல்ல மாட்டாருன்னுட்டு ஸ்டூல் போட்டு ஏறிக் கடிகாரத்தத் திருப்பி வெச்சாரு. திருப்பி வெச்சு ஆபீசுக்கு நிதானமாக் கிளம்பினாரு. பஸ் ஸ்டாப்புல நாப்பது பேரு நிக்கறாங்க. பஸ்ஸக் காணோம்.

டாக்டர்: பஸ் போயிருச்சு.

நர்ஸ்: பஸ் போயிருச்சு. அந்த டிரைவர்கிட்டதான் ரேடியோ இல்ல.

டாக்டர்: நான் பை குலுங்க ஓடிப்போய் ஸ்கூல் கேட்டுக்குள்ள நுழையறேன். எனக்குப் பின்னாடி யாரோ மூச்சு வாங்க ஓடி வர்ற சத்தம். திரும்பிப் பாத்தா ஹெட்மிஸ்ட்ரெஸ். அவங்க என்னப் பாத்தாங்க, நான் அவங்களப் பாத்தேன். ரெண்டு பேரும் ஒண்ணும் பேசிக்கல. அப்படியே சேந்து நடந்து உள்ள போயிட்டோம்.

நர்ஸ்: பத்து நிமிஷம். அத்தன பேரும் பத்து நிமிஷம் லேட்டு.

பெரியவர்: ம்ம்... ம்ம்ம்.

நர்ஸ்: என்ன சார், கையக் காட்டறீங்க? பத்து விரலா... ஆமா, பத்துன்னுதான சொன்னேன். அப்புறம் ரெண்டா... பன்னெண்டா?

பெரியவர்: ம்.

நர்ஸ்: பாத்தீங்களா டாக்டர், சாருக்கு என்ன ஞாபகம்னு. நாங்க இத்தன வருஷமா பத்துன்னே சொல்லிட்டிருக்கோம்.

டாக்டர்: அக்கா, டீச்சரம்மாவுக்குக் குடிக்கத் தண்ணி குடுங்க.

நர்ஸ்: அவங்க கேக்கலையே.

டாக்டர்: குடுங்கக்கா.

நர்ஸ்: ...சரி. கதவச் சாத்திட்டே போறேன்.

டாக்டர்: ஆ... எடுத்தாச்சு. இந்தாங்க சார், செட்டு. துடைச்சுட்டேன். போட்டுக்கோங்க... ம், பின்னாடி அழுத்தி விடுங்க. உக்காந்துருச்சா? இப்பச் சொல்லுங்க. பன்னெண்டு நிமிஷம்னு எப்படித் தெரியும்?

பெரியவர்: எல்லாருக்கும் தெரிஞ்சதுதான...

டாக்டர்: எல்லாரும் பத்துன்னுதான் சொல்லுவாங்க.

பெரியவர்: கடிகாரம் பாத்திருப்பேன்.

டாக்டர்: எங்கயிருந்து?

பெரியவர்: வேல செஞ்ச இடத்துலேர்ந்து.

டாக்டர்: எங்க வேல செஞ்சீங்க?

பெரியவர்: ...டயர் கடை.

டாக்டர்: டயர் கடையா, டயர் கடை மாடியா?

பெரியவர்: பல் டாக்டருக்குப் படிச்சீங்களா, போலீசுக்குப் படிச்சீங்களா?

டாக்டர்: நீங்கதான் சேவலா சார்?

பெரியவர்: இல்ல.

டாக்டர்: சார்...

பெரியவர்: சத்தியமா இல்ல டாக்டர். அதுதான என் பிரச்சனையே.

டாக்டர்: அப்ப நீங்க யாரு?

பெரியவர்: கார்டுல எழுதினது பொய் இல்ல. நான் மிஷின் ஆளு. பாட்டு மாத்தறது, ஒயர் ஒட்டறது, மைக் உயரம் சரி பண்றது, சேவலுக்குச் சூடா டீ வாங்கிட்டு வர்றது. சேவல்னு பேரு வெச்சுக்கிட்டது அவரு. 'ஒத்தச் சாமான்' அவரு யோசனை. சாக்ஸ், சோம்பல் எல்லாம் அவரு எழுதினது. ஒரு வருஷம் பேசினாரு. என்ன குரல் தெரியுமா... ஒரு எழுத்து பிசகாது. நான் கண்ணாடிக்கு இந்தப் பக்கம் உக்காந்து வாயப் பாத்துட்டே இருப்பேன்.

டாக்டர்: அப்புறம்?

பெரியவர்: ஒரு நாள் காலையில ஆள் வரல. ஆறு அடிச்சாச்சு. ஒரு பாட்டப் போட்டுட்டு மாடிப்படியில நின்னு ரோட்டப் பாக்கறேன். அது முடிஞ்சது, இன்னொண்ணு போட்டேன். பத்து நிமிஷம் இப்படியே போச்சு. சரி, இவரு வர்ற வரைக்கும் முந்தின நாள் பேச்ச ஓட்டுவோம், யாருக்குத் தெரியப் போகுதுன்னு கேசட்டத் தேடினேன். தேடறதுக்கு ரெண்டு நிமிஷம்.

டாக்டர்: பன்னெண்டு.

பெரியவர்: பன்னெண்டு. கேசட்டப் போட்டு, அப்பாடான்னு நாற்காலியில சாஞ்சேன். உள்ளேருந்து சேவல் சொல்றாரு, "மணி சரியா ஆறு"ன்னு. அவரு கரெக்டாத்தான் சொல்றாரு. நேத்தைக்கு.

டாக்டர்: உங்களுக்கு உடனே தோணலையா?

பெரியவர்: எனக்கு அவரு வரலங்கிற கவல. மூணு மணி நேரமும் கால் மணிக்கு ஒரு தடவ மணி சொல்றாரு. நானும் நல்லா தலைய ஆட்டி ஆட்டிக் கேட்டுட்டிருக்கேன். ஒம்போது மணிக்கு முதலாளி மூச்சிரைக்க மாடியேறி வர்றாரு. "யாருடா மணி சொன்னது, என் ரயிலு போச்சு"ன்னு கத்தறாரு. அப்பத்தான் புரிஞ்சுது.

டாக்டர்: அவருக்கும் லேட்டா...

பெரியவர்: அவரு ஸ்டேஷன அவரே கேக்க மாட்டாரா? அப்புறம்தான் மேசையில சீட்டு இருக்கறதப் பாத்தோம். பெரிய ஊர்ல பெரிய ஸ்டேஷன் கூப்பிட்டாங்களாம், சொல்லிக்காமப் போறேன், மன்னிச்சுக்கோங்கன்னு. முதலாளி தலையில கைய வெச்சுக்கிட்டு உக்காந்துட்டாரு. கொஞ்ச நேரம் கழிச்சு என்னப் பாத்தாரு. "ஒரு வருஷமா அவன் வாயத்தான பாத்துட்டிருந்த. நாளைக்கு ஒரு நாள் மட்டும் அவன் மாதிரி பேசு. அதுக்குள்ள ஆள் தேடறேன்"னாரு.

டாக்டர்: ஒரு நாளா?

பெரியவர்: அந்த ஒரு நாள் எட்டு வருஷம் ஓடிச்சு. அக்கா சொன்னாங்களே அந்தக் கம்மல்... அது நான்தான். இரட்டப் புள்ளைங்களும் நான்தான். ஆனா பேரு அவரோடது. குரலும் அவரு மாதிரி. அவரு சட்டைய எட்டு வருஷம் போட்டுட்டுத் திரிஞ்சேன்.

டாக்டர்: யாருக்கெல்லாம் தெரியும்?

பெரியவர்: முதலாளிக்குத் தெரியும். என் வீட்டுக்காரிக்குத் தெரியும். என் பொண்ணுக்கே ஸ்டேஷன் மூடினப்புறம்தான் சொன்னேன். அது வரைக்கும், "அப்பா, சேவல் கிட்ட எனக்கு ஒரு பாட்டுப் போடச் சொல்லுப்பா"ன்னு கேக்கும். நானும் சொல்லிப் பாக்கறேன்னு சொல்லுவேன்.

டாக்டர்: போட்டீங்களா?

பெரியவர்: வாரத்துக்கு ரெண்டு தடவ.

டாக்டர்: இப்ப நாளைக்கு என்ன பயம் சார்?

பெரியவர்: அவங்க கூப்பிட்டிருக்கறது சேவல. அந்தப் பழைய குரல்லதான் ஆரம்பிக்கணுமாம். அவரு இப்ப எங்க இருக்காரோ, இருக்காரோ இல்லையோ, தெரியாது. நான் போய் மைக் முன்னாடி உக்காந்து சோம்பல் முறிச்சாச்சாங்கறேன், விசில் வருது. என்ன ஆகும்? ஊர் முழுக்க காத வெச்சுக் கேக்கும். இது யாருடா, நம்ம சேவல் இல்லையேன்னு முதல் வார்த்தையிலயே தெரிஞ்சுடும். எட்டு வருஷம் ஏமாத்தினது ஒரு நிமிஷத்துல வெளிய வந்துடும்.

டாக்டர்: போகணும்னு ஆச இருக்கா, இல்லையா? அத மட்டும் சொல்லுங்க.

பெரியவர்: ...இருக்கு டாக்டர். போன் வந்ததுலேர்ந்து காலையில அஞ்சுக்கே எந்திரிச்சு உக்காந்துக்கறேன். வீட்டுக்காரி இன்னிக்கே சட்டைய இஸ்திரி போட்டு மாட்டி வெச்சுட்டா. ரேடியோவுல சட்ட தெரியாதுடின்னேன். குரல்ல தெரியும், போட்டுட்டுப் போங்கங்கறா.

டாக்டர்: கெட்டிக்காரம்மா. சார், ஒரு விஷயம் யோசிச்சுப் பாத்தீங்களா? அந்த ஸ்டேஷன்காரங்களுக்கு உங்க நம்பர் யாரு குடுத்தா?

பெரியவர்: முதலாளி வீட்ல யாராவது குடுத்திருப்பாங்க.

டாக்டர்: நான்தான் குடுத்தேன்.

பெரியவர்: ...என்னது?

டாக்டர்: சேவலத் தெரிஞ்சவங்க யாராவது இருந்தாச் சொல்லுங்கன்னு போன மாசம் நோட்டீஸ் ஒட்டியிருந்தாங்க. போன் பண்ணிச் சொல்லிட்டேன்.

பெரியவர்: பேஷண்ட் நம்பர வெளிய குடுக்கலாமா டாக்டர்?

டாக்டர்: கூடாது. பெரிய தப்பு. வேற யாரா இருந்தாலும் செஞ்சிருக்க மாட்டேன். மன்னிச்சுக்கோங்க.

பெரியவர்: அப்ப உங்களுக்கு எப்பலேர்ந்து தெரியும்?

டாக்டர்: நீங்க வந்த முதல் நாள். பழைய செட்டோட வந்தீங்க. "ஒரு சின்னச் சந்தேகம்"னு வாயத் திறந்தீங்க. எனக்கு ஸ்கூல் பை தோள்ல ஏறின மாதிரி ஆயிருச்சு. ஆனா ஏதோ ஒண்ணு குறையுது. என்னன்னு புடிபடல.

பெரியவர்: இத்தன நாளா தெரிஞ்சுக்கிட்டே என்ன வரவேற்புரைன்னு பொய் சொல்ல விட்டீங்களா?

டாக்டர்: நல்லாச் சொல்றீங்களேன்னு கேட்டுட்டிருந்தேன்.

பெரியவர்: மணி?

டாக்டர்: நாலு நாப்பது. இருங்க, அந்த அலமாரியத் திறக்கறேன். இந்த டப்பாவுல இன்னொரு செட்டு இருக்கு. அதக் கழட்டிட்டு இதப் போட்டுப் பாருங்க.

பெரியவர்: இன்னொண்ணா? எப்பச் செஞ்சீங்க?

டாக்டர்: போட்டுப் பாருங்க முதல்ல... ம். கடிங்க. விடுங்க. இப்பப் பேசுங்க. அந்தப் பஸ் பாஸ் சொல்லுங்க.

பெரியவர்: சார், உங்க பஸ் பாஸ் கீழ விழுந்துருச்சு... டாக்டர். சோம்பல் முறிச்சாச்சா, சாக்ஸ் ரெண்டும் கிடைச்சாச்சா... டாக்டர், இல்லவே இல்ல. சுத்தமா போச்சு. ஐஸ், பஸ், சாக்ஸ், சைக்கிள். ஒண்ணுலயும் இல்ல.

டாக்டர்: வராது. அதுல வராது.

பெரியவர்: இத முதல்லயே குடுத்திருந்தா நாலு தடவ வந்திருக்க மாட்டேனே. போன எடுங்க. இல்ல, என் போன் என் சட்டப் பையிலயே இருக்கு. வர்றேன்னு சொல்லிடறேன்.

டாக்டர்: தாராளமாச் சொல்லுங்க. ஆனா இந்த செட்டோட போகாதீங்க.

பெரியவர்: ஏன்? நல்லாத்தான இருக்கு.

டாக்டர்: நல்லாத்தான் இருக்கு. யாரோ ஒருத்தர் நல்லாப் பேசற மாதிரி இருக்கு... சார், முதல் செட்டுல விசில் வர்றது கோளாறு இல்ல. முன் பல்லு ரெண்டுக்கும் நடுவுல ஒரு மில்லிமீட்டர் இடைவெளி இருக்கு. அத நான்தான் வெச்சேன். வேணும்னேதான்.

பெரியவர்: வேணும்னேவா?

டாக்டர்: இளவயசு போட்டோ ஒண்ணு கொண்டு வாங்க, அந்தப் பல்லு மாதிரியே வெப்போம்னு கேட்டேனே. கல்யாண போட்டோ குடுத்தீங்க. அதுல சிரிச்சுட்டிருக்கீங்க, நடுவுல ஒரு சந்து. அதப் பாத்ததும்தான் எது குறையுதுன்னு எனக்குப் புரிஞ்சுது. லேப்புல ரெண்டு செட்டுச் செய்யச் சொன்னேன். ஒண்ணு சந்தோட, ஒண்ணு சந்து இல்லாம.

பெரியவர்: நான் ஒவ்வொரு தடவையும் வந்து புலம்பறேன், நீங்க ராவி ராவி விட்டீங்களே... அதெல்லாம்?

டாக்டர்: ஓரத்துல பாலிஷ் போட்டேன். சந்தத் தொடவே இல்ல.

பெரியவர்: உங்கள நம்பி வாயத் திறந்தேன் பாருங்க... டாக்டர், என் சொந்தப் பல்லுல சந்து இருந்துச்சு, இல்லேங்கல. அந்தச் சீழ்க்கைச் சத்தம் வீட்ல வரும். டீக்கடையில வரும். ஆனா மைக் முன்னாடி? நாக்க மடிச்சு வெச்சுக்கிட்டு, ஒவ்வொரு வார்த்தையும் பாத்துப் பாத்துப் பேசினேன். எட்டு வருஷத்துல ஒரு நாள் கூட மைக்ல விசில் விட்டதில்ல.

டாக்டர்: ஒரு நாள் கூட விடாம விட்டீங்க சார்.

பெரியவர்: இல்ல.

டாக்டர்: நீங்க பேசினத நீங்களே கேட்டிருக்கீங்களா?

பெரியவர்: ...கேக்க மாட்டேன். கேசட்டப் போட்டா, அடுத்தவர் மாதிரி பேசறோமேன்னு கூசும். நிறுத்திடுவேன்.

டாக்டர்: நாங்க கேட்டோம். "சோம்பல்"னு நீங்க சொன்னதும் அந்த விசில் ஜன்னல் வழியா வரும், அடுத்த வீட்டு ரேடியோலேருந்தும் வரும், எதிர் வீட்டுலேருந்தும் வரும். ஸ்கூல்ல நாங்க எல்லாம் உதட்டக் குவிச்சு அப்படியே பேசிப் பாப்போம். என் தோழிக்கு முன் பல்லு உடைஞ்சு அந்தச் சத்தம் தானா வந்துச்சு. அவ மேல எங்களுக்கெல்லாம் அப்படியொரு பொறாம.

பெரியவர்: அப்ப... நடுவுல ஆள் மாறினது...

டாக்டர்: தெரியும்.

பெரியவர்: உங்களுக்கு அப்பப் பதினோரு வயசு. சின்னப் புள்ளைங்களுக்குக் காது கூர்மை. வேற யாரும் கவனிச்சிருக்க மாட்டாங்க. எட்டு வருஷத்துல எத்தன போன் வந்துச்சு, எத்தன கார்டு வந்துச்சு. ஒருத்தர் கூட ஒரு வார்த்த கேக்கலையே.

டாக்டர்: அக்காவக் கேட்டுடலாமா?

பெரியவர்: வேண்டாம் டாக்டர். அவங்க மனசுல சேவல் சேவலாவே இருக்கட்டும். கம்மல் கத எவ்வளவு ஆசையாச் சொன்னாங்க.

டாக்டர்: அக்கா... கொஞ்சம் உள்ள வாங்க.

பெரியவர்: டாக்டர், சொன்னாக் கேளுங்க...

நர்ஸ்: என்ன டாக்டர்? டீச்சரம்மா ரெண்டு டம்ளர் தண்ணி குடிச்சாச்சு. இனிமே குடுத்தா அடிப்பாங்க.

டாக்டர்: ஒண்ணுமில்லக்கா, ஒரு சந்தேகம். நம்ம சேவல் எப்பவும் ஒரே ஆளுதானா? நடுவுல யாராவது மாறினாங்களா?

நர்ஸ்: மாறினது தெரியாம இருக்குமா டாக்டர்? முதல் ஆளு படிச்சவங்க மாதிரி சுத்தமாப் பேசுவாரு. ஊரே லேட்டான மறுநாள் காலையில ரேடியோவப் போட்டா, "சோம்பல்"னதுமே ஒரு விசில். எங்கப்பா பாதி ஷேவிங்ல பிளேடக் கீழ வெச்சுட்டாரு. "இது வேற ஆளு. ஆனா பயந்துக்கிட்டே பேசறான், நல்ல ஆளாத்தான் இருப்பான்"னாரு. எங்க தெருவுல அத்தன வீட்டுக்கும் தெரியும், எங்க வீட்டுக்காரர் டிப்போவுல அத்தன பேருக்கும் தெரியும். ஆனா போன் பண்ணினாலும் சரி, கார்டு போட்டாலும் சரி, அதப் பத்தி மட்டும் யாரும் மூச்சு விடல. சொன்னா நீங்க கூச்சப்பட்டு விட்டுட்டுப் போயிடுவீங்களோன்னு பயம் சார்.